திறந்தவர் கையொப்பம்

ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக ஆயுள் முழுக்க ஒருவரோடு ஒருவர் ஒப்பிடப்படுகிற இரண்டு ஆண்களுக்குச் சகலை என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்தத் தண்டனையில் பதினோரு வருட அனுபவம். அவர் மூத்த மாப்பிள்ளை. மாமனார் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு. இளைய மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில், வேறு ஊரில் இருந்தார்.

மாமனார் வீட்டில் குழாய் ஒழுகினால் மெக்கானிக். மாமியாரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக மெக்கானிக். பரணிலிருந்து பெட்டி இறக்க, இறக்கிய பெட்டியில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திரும்ப ஏற்ற, அதற்கும் அவரே. இளையவர் வருடத்துக்கு இரண்டு முறை வந்து சோபாவில் உட்கார்ந்து, மாமனாரின் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிசாக்கிக் காட்டிவிட்டுப் போவார். அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஆடுவார்கள். "ஒரு நிமிஷத்துல பண்ணிட்டார் மாப்பிள்ளை, ஒரே நிமிஷம்!" என்று மாமியார் சொல்வார், அதையும் மூத்தவர் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதுதான் சொல்வார். மெக்கானிக்கின் வயிறு எரியும். சிரித்துக்கொண்டே குழாயைப் பூட்டுவார்.

ஆகவே, அந்தச் செவ்வாய்க்கிழமை மாமனார் போன் செய்தபோது மெக்கானிக்குக்கு வந்தது கவலை அல்ல, சந்தோஷம்.

"மாப்பிள்ளை, மெயில்ல இணைச்சு அனுப்புறது எதுவுமே திறக்க மாட்டேங்குது. சின்னவர் ஏதோ ஒண்ணு ரெண்டு தடவை அனுப்பிட்டார். போன்லயே அரை மணி நேரம் அதைச் செய்ங்க, இதைச் செய்ங்கன்னார். ஒண்ணும் நடக்கல."

"அவராலயே முடியலையா மாமா?"

"முடியலையே."

மெக்கானிக் அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே இன்னொரு தடவை கேட்டார். "அவராலயே?"

மறுநாள் புதன்கிழமை, வேலை முடிந்து ஐந்து மணிக்குப் போய் நின்றார்.

மாமனாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று அலுவலகம் அவரை விட்டது, அவர் ரெக்கார்டு ரூமை விடவில்லை. கம்ப்யூட்டர் மேஜையில் நீளமான பதிவேடு ஒன்று எப்போதும் விரிந்தே கிடக்கும். வரவு எண், வந்த தேதி, யாரிடமிருந்து, பொருள், திறந்த தேதி, திறந்தவர் கையொப்பம், தாமதமானால் அதற்குக் காரணம் என்று அடிக்கோல் வைத்துப் போட்ட ஏழு கட்டங்கள். மெயிலில் எது வந்தாலும் அதைத் தனியாகச் சேமிப்பார். அதற்கு வந்த பெயரை அழித்துவிட்டுத் தன் வரவு எண்ணைப் போடுவார். பிறகு மெயிலை நீக்கிவிட்டுக் குப்பைத்தொட்டியையும் காலி செய்வார். "ஒரே காகிதம் ரெண்டு இடத்துல இருந்தா ஒண்ணு பொய்யின்னு அர்த்தம்" என்பார். பேரனின் பள்ளிக்கூட போட்டோவைத் திறந்து பார்த்ததற்கு மாமியாரிடமே கையெழுத்து வாங்கிய ஆள். இன்னொரு விதியும் உண்டு. எழுத்தில் வருகிற எதையும் அவர் வாயால் கேட்க மாட்டார். இளைய மாப்பிள்ளை போனில், "சரி மாமா, அதுல என்ன இருக்குன்னு நானே சொல்லிடுறேனே" என்றாராம். "வாய்மொழியா எதையும் எடுத்துக்கிறது இல்ல" என்று மாமனார் வாயை அடைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்பதை மட்டும் போனால் போகிறதென்று காதில் வாங்கிக்கொண்டார்.

மெக்கானிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். 210 என்ற கோப்பை அழுத்தினார். இதை எதில் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் அவரையே திருப்பிக் கேட்டது. படம் பார்க்கும் இடத்தில் திறந்தார், வரவில்லை. கணக்குப் போடும் இடத்தில் திறந்தார், கட்டம் கட்டமாகக் கிறுக்கல் வந்தது. பாட்டு கேட்கிற இடத்தில்கூட திறந்து பார்த்தார். அணைத்துப் போட்டார். 211 என்ற கோப்பும் அதே கதை. மாமனார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது முதுகில் உறைத்தது.

பிறகுதான் அவருக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போனால் அவர் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. இரண்டு விஷயம் செய்வார். எதுவரை நன்றாக ஓடியது என்று பார்ப்பார். கடைசியாகக் கை வைத்தது யார் என்று கேட்பார். பழுதில் முக்கால்வாசி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும்.

கோப்புகளை வரிசையாகத் திறந்துகொண்டே வந்தார். 204 வரை எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. 205இலிருந்து ஒன்றுகூட இல்லை.

"மாமா, இதுல கடைசியா யாரு கை வச்சது?"

"நான்தான். அப்புறம் போன மாசம் சின்ன மாப்பிள்ளை அங்கேருந்தே உள்ள நுழைஞ்சு என்னவோ பண்ணினார். வைரஸ் வந்தா அடையாளம் தெரியணுமாம். இனிமே ஃபைல் பேரு முழுசாத் தெரியும்னார்."

மெக்கானிக்குக்கு உள்ளங்கை அரித்தது. சகலை கை வைத்த இடத்திலா கோளாறு? இதைவிட இனிப்பான செய்தியை அவர் அந்த வருடத்தில் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து இளையவரிடமிருந்து மூன்றாம் முறையாக அதே மெயில் வந்தது. "நீங்க எப்பவும் செய்யுற மாதிரி செய்ங்க மாமா. ஒண்ணு விடாம. நான் பாக்குறேன்" என்று மெக்கானிக் எழுந்து நின்றார். மாமனார் உட்கார்ந்து, பதிவேட்டில் 212 என்று எழுதி, கோப்பைச் சேமித்தார். "நம்ம வீடு" என்ற அதன் பெயரையும், அதன் வாலில் புள்ளி வைத்து ஒட்டியிருந்த பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து அழித்தார். வரவு எண் 212 என்று அடித்தார். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. மாமனார் படிக்காமலே ஆம் என்று அழுத்தினார்.

"இது என்ன கேக்குது மாமா?"

"கொஞ்ச நாளா இப்படித்தான். உறுதியா, உறுதியான்னு கேக்கும். நான் எப்பவுமே உறுதிதான்."

அவ்வளவுதான் விஷயம். முன்பெல்லாம் அந்த வால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தது. மாமனார் பெயரை மாற்றினாலும் வால் தன் பாட்டுக்கு இருந்தது. சகலை வந்து வாலை வெளியே தெரிய வைத்தார். தெரிந்ததும் மாமனார் அதையும் பெயர் என்று நினைத்து வெட்டினார். வால் போனால் அது படமா, கடிதமா, பாட்டா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

மெக்கானிக் உடனே சொல்லவில்லை. பதினோரு வருடத்துக்கு ஒரு தடவை வருகிற வாய்ப்பு, அதை மாமனார் ஒருவரிடம் மட்டும் சொல்லித் தீர்க்க அவருக்கு மனமில்லை. மாமியாரும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் மாமியாருக்கு முட்டி மடங்காமல் போய்விடக் கூடாது என்று டாக்டர் சொன்ன சாயங்கால நடைக்கு நேரமாகிவிட்டது. "நீங்க கீழ போயிட்டு வாங்க. வர்றதுக்குள்ள திறந்து வைக்கிறேன்" என்றார். நான்காவது மாடியிலிருந்து இருவரும் அவருடைய லிஃப்டில் இறங்கிப் போனார்கள். ஆமாம், அவருடையதுதான். அந்தக் கட்டடத்தின் லிஃப்டை எட்டு வருடமாகப் பராமரிப்பவர் அவர். ஒருநாள்கூட அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை.

மூலப் பொருளில் கை வைக்காமல் பழகியவர் என்பதால் முதலில் 212க்கு ஒரு நகல் எடுத்தார். அதன் வாலை ஒட்டவைத்தார். அழுத்தினார். திறந்தது.

ஒரு வீட்டின் வரைபடம். சகலை கட்டிக்கொண்டிருக்கும் வீடு. தரைத்தளத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு அறை, "அப்பா அம்மா" என்று எழுதியிருந்தது. ஒட்டினாற்போல் குளியலறை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. கீழே கடிதம். மாமாவும் அத்தையும் எங்களோடு வந்து இருந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி என்று எழுதினால் இது உங்கள் அறை. இல்லையென்றால் மேஸ்திரி இதை என் அலுவலக அறையாக மாற்றிவிடுவார். வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. அத்தை இனிமேல் லிஃப்டை நம்பி வாழ வேண்டியதில்லை.

மெக்கானிக் கடைசி வரியை மூன்று தடவை படித்தார்.

லிஃப்டை நம்பி. எட்டு வருடம் கை முழுக்க கிரீஸ் பூசிக்கொண்டவனைப் பற்றி ஒரு பேச்சு இல்லை, லிஃப்டாம், நம்பியாம். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஓடி ஓடிப் பார்த்தவன் இங்கே இருக்க, ஒரே ஒரு படத்தை வரைந்து இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறான். போனால் அப்புறம் யார் இவரை, "மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போறீங்களா" என்று கூப்பிடுவார்கள்? அலுத்துக்கொண்டே அவர் ஓடிய ஓட்டமெல்லாம் அந்தக் கூப்பிடுதலுக்காகத்தான் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. பொறாமையில் காது வரை சூடேறியது.

வெளியே லிஃப்டின் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடியைத் தாண்டும்போது அது லேசாக முனகும், அவருக்குத் தெரியும். மூன்று. படபடவென்று எல்லாவற்றையும் மூடினார். நான்கு.

"திறந்துச்சா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா." வாய் கூசவில்லை. "ஃபைலே கெட்டுப்போயிருக்கு. இங்க ஒண்ணும் இல்ல. அனுப்புற இடத்துலதான் கோளாறு."

சகலை தலையில் பழியைப் போட்டுவிட்டு வெளியே வந்தவருக்கு அன்று வழி நெடுக மனம் மிதந்தது. ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிட்டால் போதும். அந்த அறையில் சகலையே உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டட்டும்.

வியாழக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தபடி ஒரு செய்தி சொன்னாள்.

"எங்க அப்பாவுக்கும் தங்கச்சி வீட்டுக்காரருக்கும் போன்ல சண்டையாமே. கேட்டீங்களா?"

"என்ன சண்டை?"

"என் பக்கம் சரியாத்தான் மாமா இருக்கு, வேற யாராவது ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்றேன்னாராம் அவரு. அப்பாவுக்கு வந்துச்சே கோவம். மூத்தவர் பாத்துட்டு ஃபைல் கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுதான், எட்டு வருஷமா அவர் சொன்ன ஒரு வார்த்தை தப்பினது இல்ல, அவருக்கு மேல ஒரு ஆள் வேண்டாம்னு சொல்லிப் போனையே வச்சுட்டாராம்." அவள் முகத்தில் பெருமை வழிந்தது. "ஒரு வழியா எங்க வீட்டுலயும் உங்க அருமை தெரிஞ்சிருக்கு."

மெக்கானிக் ஒரு சட்டையை எடுத்து மடித்தார். அவள் ஏற்கெனவே மடித்து வைத்த சட்டை அது.

சனிக்கிழமை அந்தக் கட்டடத்தில் லிஃப்டுக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலை பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்தி, பழுது பார்க்கப்படுகிறது என்ற பலகையைக் கீழே மாட்டிவிட்டு, மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். படியில் ஏதோ உரசுகிற சத்தம். எட்டிப் பார்த்தார்.

மாமியார். மருந்துக்கடைக்குப் போய்விட்டு வருகிறார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, மற்றக் காலை அதன் பக்கத்துக்கு இழுத்து, நின்று, மறுபடி. மருந்துப் பை மணிக்கட்டில் தொங்கியது. மூச்சு வாங்கியது. திரும்புகிற இடத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எட்டு வருடமாக மாமியார் லிஃப்டிலிருந்து வெளியே வருவதை மட்டுமே மெக்கானிக் பார்த்திருக்கிறார். அந்த முட்டி படியில் என்ன பாடு படும் என்பதை இப்போதுதான் பார்த்தார்.

"அத்தை! ஒரு குரல் குடுத்திருந்தா போட்டு விட்டிருப்பேனே!"

"இருக்கட்டும் மாப்பிள்ளை, பாதி வேலையில இருப்பீங்க. நான் மெதுவா வந்துருவேன்." சிரிக்கவும் செய்தார். "நீங்க பாத்துப் பண்றதாலதானே நான் தைரியமா இதுல ஏறுறேன்."

மெக்கானிக் மாமியாரைக் கைத்தாங்கலாக நான்காவது மாடிக்கு ஏற்றிவிட்டார். திரும்பி வந்து வேலையை முடித்தார். கையைக் கழுவினார். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை, இருந்தும் இன்னொரு தடவை சோப்பு போட்டுக் கழுவினார். பிறகு மேலே போய், "மாமா, அந்த ஃபைலை இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வால் விஷயத்தை விளக்கினார். 205 முதல் 212 வரை ஒவ்வொன்றுக்கும் அதனதன் வாலை ஒட்டினார். இனி பெயரை மாற்றினாலும் வால் போகாதபடி பழையபடி மறைத்து வைத்தார். மாமனார் அசந்துபோய், "அப்போ வெட்டினது நான்தானா?" என்று கேட்டார். 212 திறந்தது. வரைபடம் திரையை அடைத்தது.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையோடு ஒட்டிக்கொண்டார். கடிதத்தை மாமனார் உரக்கப் படித்தார். லிஃப்ட் வரி வந்தபோது ஒரு நொடி நிறுத்திவிட்டுப் படித்தார்.

"ஒரு படிகூட இல்லையா?" என்றார் மாமியார். "ஜன்னல் இந்தப் பக்கமா? காலையில வெளிச்சம் வருமே." பிறகு திரும்பி, "போயிடலாம்ங்க. என்னால முடியல" என்றார். அப்போதுதான் மருமகன் நிற்பது ஞாபகம் வந்தது போலும். "உங்க லிஃப்டைக் குறை சொல்லல மாப்பிள்ளை. அது நல்லாத்தான் ஓடுது."

"தெரியும் அத்தை. போங்க. அதுதான் நல்லது."

மாமியார் சின்ன மகளுக்குப் போன் செய்ய உள்ளே போனார். வேகமாகப் போனார் என்றுகூடச் சொல்லலாம், அந்த முட்டியோடு.

மாமனார் மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். எண்ணைச் சரிபார்க்கத் திரையைப் பார்த்தவர், பார்த்தபடியே இருந்தார். மெக்கானிக்கும் பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

212க்குக் கீழே இன்னொன்று இருந்தது. 212, நகல். புதன்கிழமை லிஃப்ட் சத்தம் கேட்ட அவசரத்தில் மூடியவர் அதை அழிக்கவில்லை. பக்கத்திலேயே தேதியும் நேரமும் தெளிவாக இருந்தன. பன்னிரண்டாம் தேதி, மாலை 5.52. தேதியோடேயே முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய மனிதரின் கண்ணுக்கு அது தப்புமா?

மாமனார் அந்த நகலை அழுத்தினார். அது தடங்கலே இல்லாமல் திறந்தது. மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"புதன்கிழமை நாங்க நடக்கப் போயிருந்தப்போ" என்றார், கேள்வியாக அல்ல.



பதிவேட்டை மெக்கானிக் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவையும் நீட்டினார். "யார் திறந்தாங்களோ அவங்கதான் தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும்."

அன்று பதினைந்தாம் தேதி. பதினைந்து என்று எழுதினால் மாமனார் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், எழுதுகிறவருக்கே அது தெரியும். மெக்கானிக் குனிந்து 12 என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"அதுக்கு ஒரு கோடு போட்டுடலாம்" என்று மாமனார் பேனாவுக்குக் கை நீட்டினார்.

மெக்கானிக் கொடுக்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் என்ற தலைப்புக்குக் கீழே, பள்ளிக்கூடப் பையன்போல ஒவ்வொரு எழுத்தாக, பொறாமை என்று எழுதினார்.

மாமனார் அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார், ஒரு சொல்தான் அது.

"முப்பத்தாறு வருஷம் மாப்பிள்ளை" என்றார் கடைசியில். "ஆள் இல்லன்னு எழுதுவான், தபால் வரலன்னு எழுதுவான், எலி கடிச்சுடுச்சுன்னுகூட ஒருத்தன் எழுதியிருக்கான். இந்தக் காரணத்தால எத்தனையோ ஃபைல் தூங்கியிருக்கு. இதை ஒருத்தர் எழுதி இன்னிக்குத்தான் பாக்குறேன்."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "மூத்த மாப்பிள்ளைதான்டி கண்டுபிடிச்சார்! உன் வீட்டுக்காரரால நாலு நாளா முடியல இல்ல? இவர் வந்து உக்காந்தார், அஞ்சே நிமிஷம்! ஆமாடி, அஞ்சே நிமிஷம். இவரை மாதிரி வராது."

பதினோரு வருடமாக மெக்கானிக் காத்திருந்த வார்த்தைகள். ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுந்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

மாமனாரும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

"அது வாய்மொழி மாப்பிள்ளை" என்றார். "அதை நான் எடுத்துக்கிறது இல்ல."